பேயும் போரும் வெள்ளித்திரையும்

சிறு முதலில் எடுக்கப்பட்ட பேய்ப் படங்களைப் பற்றி வானொலியில் ஒரு பேச்சா என்று பெரியவர்கள் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். மாணவ நேயர்கள் அவ்வாறு சுளிக்கமாட்டார்கள் என்பது என் நம்பிக்கை. அத்தகைய படங்களுள்ளும் போர்க்காலத்தைக் களமாகக் கொண்டவற்றையே இன்று எடுத்துக்கொள்கிறேன். எங்கள் திருச்செங்கோட்டுக்கும் இப்பொருளுக்கும் ஓர் உறவு உண்டு. அதனைச் சற்றுப் பின்னர்க் கூறுவேன்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1941-இல், ஹாலிவுட்டின் மோனோகிராம் என்னும் சிறு நிறுவனம் ‘கிங் ஆஃப் தி ஸோம்பீஸ்’ என்றொரு படத்தை வெளியிட்டது. ஸோம்பி என்பது இறந்த பின்னும் நடமாடும் உடல்; கரீபியன் தீவினரின் நம்பிக்கையில் பிறந்த உருவம். கதையில் ஒரு விமானம் தீவொன்றில் விழுகிறது. அங்கே வாழும் மருத்துவன் ஓர் அயல்நாட்டு ஒற்றன். மந்திரத்தின் துணையால் அமெரிக்கக் கடற்படைத் தலைவர் ஒருவரிடமிருந்து இரகசியங்களைக் கறக்க முயல்கிறான். அவன் எந்நாட்டவன் என்பதைப் படம் வாய்திறந்து கூறவில்லை. அமெரிக்கா அன்று போரில் சேராத நாடு. 1943-இல் அதே நிறுவனம் எடுத்த ‘ரிவெஞ்ச் ஆஃப் தி ஸோம்பீஸ்’ படத்தில் அந்தத் தயக்கம் நீங்கிவிட்டது. ஹிட்லருக்காகச் சாவில்லாப் படையொன்றை உருவாக்குகிறான் ஒரு விஞ்ஞானி. அதே ஆண்டில் கொலம்பியா நிறுவனம் ‘தி ரிடர்ன் ஆஃப் தி வேம்பயர்’ என்ற படத்தை எடுத்தது. லண்டன் மாநகரின்மீது விழுந்த குண்டு ஓர் இடுகாட்டைப் பிளக்கிறது. நெஞ்சில் முளை அடித்துப் புதைக்கப்பட்டிருந்த இரத்தக்காட்டேரியின் உடல் வெளிப்படுகிறது. மீண்டும் புதைக்க வந்த தொழிலாளர் அம்முளையைக் குண்டின் சிதறல் என்றெண்ணிப் பிடுங்கிவிடுகின்றனர்! கதை நகைப்புக்கிடமானதே. ஆயினும் குண்டு விழுந்தால் புதைத்து வைத்தவை யாவும் எழும் என்ற எண்ணத்தை அவ்வொரு காட்சி எவ்வளவு எளிதாகக் காட்டிவிடுகிறது!

இவை பெரும்பாலும் சிறு முதற் படங்களாக அமைந்ததற்குக் காரணம் உண்டு. போரைத் திரையில் காட்டப் பீரங்கியும் படையும் வேண்டும். போரின் அச்சத்தைக் காட்டவோ, ஒரு பழைய வீடும் கொஞ்சம் புகையும் இருட்டும் போதும். இருட்டுக்கு எவரும் கூலி கேட்பதில்லை.

ஆனால் இவ்வகையின் வேர் இன்னும் பழையது. பிரெஞ்சு இயக்குநர் ஆபெல் கான்ஸ் 1919-இல் வெளியிட்ட ‘ஜாக்யூஸ்’ என்னும் மௌனப்படத்தில், முதல் உலகப் போரில் மடிந்த வீரர்கள் களத்திலிருந்து எழுந்து ஊருக்குத் திரும்புகின்றனர். தம் சாவுக்குத் தகுதியாக உயிருள்ளோர் வாழ்கின்றனரா என்று பார்ப்பதே அவர்கள் வருகையின் நோக்கம். இறந்தோராக நடித்தவர்கள் வெர்டன் களத்திலிருந்து விடுப்பில் வந்த மெய்யான வீரர்கள். அவர்களுட் பலர் மீண்டும் களம் சென்று, மெய்யாகவே மாண்டனர் என்பர். ஜப்பானில் கானேட்டோ ஷிண்டோ 1968-இல் எடுத்த ‘குரொனேகோ’ படத்தில், படைவீரர் கும்பலொன்றால் சிதைக்கப்பட்டு இறந்த மாமியும் மருமகளும் பேயுருவில் வீரர்களைப் பழிவாங்குகின்றனர். போர் முடிந்து திரும்பும் மகன், அப்பேய்களை ஒழிக்கும் பணியையே ஏற்க நேரிடுகிறது. இறந்தோரின் பக்கத்திலிருந்து போரைப் பார்ப்பது இப்படங்களின் இயல்பு.

இனி, நம் நாட்டுக்கு வருவோம். டி. ஆர். சுந்தரம் என்ற பெயரின் முதலெழுத்து எங்கள் ஊர். திருச்செங்கோட்டில் 1907-இல் பிறந்த அவர், இங்கிலாந்து சென்று லீட்ஸ் நகரில் நெசவுத் தொழிற்கல்வி பயின்றார். திரும்பி வந்தவர் நூலை விட்டுப் படச்சுருளைப் பற்றிக்கொண்டார். சேலத்தில் ஏற்காட்டு மலைச் சாலையில் அவர் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், 1937-இல் ‘சதி அகல்யா’வையும், மறு ஆண்டில் மலையாளத்தின் முதற் பேசும்படமான ‘பாலன்’ படத்தையும் அளித்தது. 1956-இல் ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ மூலம் தமிழுக்கு முதல் வண்ணப்படத்தைத் தந்ததும் இந்நிறுவனமே.

போர் வந்ததும் படச்சுருளுக்குப் பஞ்சம் வந்தது. சுருள் முழுவதும் கடல் கடந்து வரவேண்டிய பொருள். ஒரு படம் 11,000 அடிக்கு மேல் நீளக்கூடாது என்று பிரிட்டிஷ் அரசு வரம்பு கட்டியது. ஏறத்தாழ இரண்டு மணி நேரம்! பாட்டுக்கே பாதிப் படத்தைச் செலவிட்ட நம்மவர்க்கு இது எத்துணைப் பெரிய தண்டனை என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பின்னர்ச் சுருளுக்கு உரிமம் வந்தது. உரிமம் பெறுவோர் போர் முயற்சிக்கு ஆதரவான படமும் எடுக்கவேண்டும் என்ற நெருக்குதல் வந்தது. கே. சுப்ரமண்யம் ‘மானசம்ரக்ஷணம்’ எடுத்தார். சுந்தரம் எடுத்தது ‘பர்மா ராணி’. இரண்டும் 1945-இல் வெளிவந்தன.

‘பர்மா ராணி’யிலும் ஒரு விமானம் விழுகிறது. ஜப்பானியர் பிடியிலிருந்த பர்மாவில் இறங்க நேர்ந்த நம் விமானிகளுக்கு, கே. எல். வி. வசந்தா நடித்த ஒற்றர் பெண் துணை நிற்கிறாள். ஜப்பானியப் படைத்தலைவனாகச் சுந்தரமே நடித்தார். விமானம் விழுதல், பகைவரின் இடம், ஒற்றர்: மோனோகிராம் படத்தின் எலும்புக்கூடு முழுவதும் இங்கே இருக்கிறது. இல்லாதது பேய் ஒன்றே.

பேய் இல்லாமற் போனது ஏன்? இறந்தவன் பேசத் தொடங்கினால், யாருக்காக இறந்தேன் என்று கேட்பான். பிரிட்டிஷ் கொடியின்கீழ்ச் சென்று மாண்ட தமிழ்ச் சிப்பாய் அக்கேள்வியைத் திரையில் கேட்டிருந்தால் உரிமம் என்னவாகியிருக்கும்? இதுவே என் கருத்து. மேலும் அன்றைய பர்மாவில் நம்மவர் இரு பக்கமும் நின்றனர். சேலத்தில் ஒரு கற்பனை ராணி பிரிட்டிஷாருக்காக ஒற்றறிந்த காலத்தை ஒட்டியே, 1943-இல் சிங்கப்பூரில் கேப்டன் லட்சுமியின் தலைமையில் தோன்றிய ஜான்சி ராணிப் படையின் தமிழ்ப் பெண்கள், மலேயாத் தோட்டங்களிலிருந்து சென்று, மெய்யான பர்மாவில் பிரிட்டிஷாருக்கு எதிராக அணிவகுத்து நின்றனர்.

விடுதலைக்குப் பின் பேய் வந்தது, போர் வரவில்லை. ஜூபிட்டர் நிறுவனம் எடுத்து, கே. ராம்நாத் இயக்கி, 1951-இல் வெளிவந்த ‘மர்மயோகி’யில் இறந்த மன்னனின் ஆவி உலவுகிறது. அந்த ஆவிக்காகவே, வயதுவந்தோர்க்கு மட்டும் உரிய ‘ஏ’ சான்றிதழ் தமிழ்ப்படத்திற்கு முதன்முறையாக வழங்கப்பெற்றது. ஆவியாக வந்தவர் செருகளத்தூர் சாமா. ‘பர்மா ராணி’யிலும் நடித்தவர் அவரே. கதையின் முடிவில், அது ஆவியன்று, உயிருடன் மறைந்து வாழும் மன்னனே என்பது வெளிப்படுகிறது. தணிக்கையாளர் அஞ்சியது, ஆக, ஓர் உயிருள்ள மனிதனுக்கு! பகுத்தறிவு பேசிய காலத்தில் பேய்க்கு விளக்கம் தேடியது இயற்கையே. அதனை நான் குறை கூறவில்லை.

இந்த இரண்டும் நம் மரபில் என்றும் தனித்தனியாக இருந்தவை அல்ல என்பதுதான் வியப்பு. 12-ஆம் நூற்றாண்டில் சயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியைக் கல்லூரியில் பயில்வோர் அறிவர். முதற் குலோத்துங்கன் காலத்தில் கருணாகரத் தொண்டைமான் நடத்திய கலிங்கப் போரைக் காளிக்கு எடுத்துரைப்பது ஒரு பேய். பசியால் வாடிய பேய்கள் முறையிடுகின்றன. போர் நிகழ்ந்ததும் களம் சென்று பிணங்களைக் கொண்டு கூழ் அட்டுப் பகிர்ந்துண்கின்றன. குருட்டுப் பேய்க்கும் ஊமைப் பேய்க்கும் பங்கு உண்டு. எந்த ஹாலிவுட் சிறு முதற் படமும் இக்கூழுக்கு நிகராகாது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: பரணியின் பேய்கள் மாண்ட கலிங்க வீரரின் ஆவிகள் அல்ல. அவை விருந்தினர்; வென்ற அரசனை வாழ்த்திவிட்டு எழுபவை. மாண்டவர் குரல் பரணியிலும் கேட்பதில்லை.

மாண்டவர்க்கு நம் முன்னோர் கல் நட்டனர். நடுகல்லுக்குக் கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளைத் தொல்காப்பியம் வகுத்துரைக்கிறது. சேலத்துக்கு வடக்கே தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் அத்தகைய கற்கள் மிகுதி. ஆநிரை மீட்டு இறந்த எளிய ஆளுக்கும் அங்கே பெயர் உண்டு.

பர்மாப் போரில் மாண்ட தமிழர்க்கோ நெடுங்காலம் கல்லும் இல்லை, படமும் இல்லை. 1941 டிசம்பர் 23-ஆம் நாள் இரங்கூன்மீது குண்டு விழுந்தபின், இலட்சக்கணக்கான இந்தியர் காடும் மலையும் கடந்து நடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே வீழ்ந்தனர். 1952-இல் வந்த ‘பராசக்தி’ மட்டும் அந்நடைப்பயணத்தைத் தொட்டு, குண்டில் கால் இழந்த ஒரு சகோதரனைத் திரும்ப அழைத்து வந்தது. வழியில் இறந்தோரை அதுவும் அழைக்கவில்லை. சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் இருப்புப்பாதை போட ஜப்பானியர் மலேயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசென்ற தமிழ்த் தொழிலாளரும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். அதே பாதையில் இறந்த நேச நாட்டு வீரர்க்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. தமிழ்த் தொழிலாளர்க்கென அவ்வூர்ப் புத்தர் கோயில் ஒன்றில் 2023-இல் ஒரு கல் நாட்டினர். அதனை நடுகல் என்றே அழைத்தனர்.