ஃப்ரோஸன் காய்கறி ஏன் சொதசொதவென ஆகிறது? ருசியாகச் சமைக்க இதை மட்டும் மாத்துங்க!

சோழிங்கநல்லூரில் ஷிப்ட் முடித்து இரவு 9 மணிக்கு மேல் பெரும்பாக்கம் வந்து சேர்பவர்களுக்கு, மறுநாள் டிபன் பாக்ஸுக்காக பீன்ஸ் நறுக்கும் தெம்பு இருக்காது. கோயம்பேடு மார்க்கெட்டோ 20 கிலோமீட்டருக்கும் மேல். மழைக்காலத்தில் வரத்து குறைந்தால் பக்கத்துக் கடையில் விலையும் எகிறிவிடும். இதனால் ஃப்ரீசரில் ஒரு பாக்கெட் பட்டாணியோ, மிக்ஸ்டு வெஜிடபிளோ வாங்கி வைப்பது பல வீடுகளில் வழக்கமாகிவிட்டது.

ஆனால் சமைத்த பிறகு வருவது ஒரே புகார்தான். "பொரியல் கூட்டு மாதிரி ஆயிடுச்சு, ருசியே இல்ல." காய் மேல் தப்பில்லை. ஃப்ரெஷ் காயைச் சமைக்கும் அதே முறையில் இதையும் சமைப்பதால்தான் இந்த வம்பு.

ஏற்கனவே பாதி வெந்த காய்

பலருக்கும் தெரியாத விஷயம் இதுதான். பாக்கெட்டில் வரும் பட்டாணி, பீன்ஸ், கேரட் எல்லாம் பச்சைக் காய் கிடையாது. உறைய வைப்பதற்கு முன்பே தொழிற்சாலையில் ஓரிரு நிமிடம் கொதிநீரிலோ ஆவியிலோ காட்டி, உடனே குளிரவைத்து விடுகிறார்கள். இதற்கு பிளாஞ்சிங் என்று பெயர். காயில் இருக்கும் என்சைம்கள் ஃப்ரீசருக்குள்ளும் மெதுவாக வேலை செய்து நிறத்தையும் ருசியையும் கெடுக்கும். அதை நிறுத்தத்தான் இந்தக் கொதிநீர்க் குளியல். அதாவது, நம் வாணலிக்கு வரும்போதே அது பாதி வெந்த காய்.

இரண்டாவது விஷயம் தண்ணீர். காலிஃப்ளவரில் சுமார் 90 சதவீதம் தண்ணீர்தான். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். அப்போது உருவாகும் பனித்துகள்கள் காயின் செல் சுவரைக் கிழித்துவிடும். பனி உருகியதும் உள்ளே இருந்த தண்ணீர் வெளியே கொட்டும். மெதுவாக உறைந்தால் பெரிய துகள், வேகமாக உறைந்தால் சின்னத் துகள். 1920களில் அமெரிக்காவின் கிளாரன்ஸ் பேர்ட்ஸ் ஐ வேகமாக உறைய வைக்கும் இயந்திரத்தை உருவாக்கிய பிறகுதான் இந்த வியாபாரமே சூடுபிடித்தது. கனடாவின் லாப்ரடார் பகுதியில், பிடித்த மீன் அந்தக் கடுங்குளிரில் சட்டென உறைந்து, பல நாள் கழித்துச் சமைத்தாலும் ருசி மாறாமல் இருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த யோசனை வந்தது.

பொரியல்: மூடாதீங்க, தண்ணி தெளிக்காதீங்க

ஃப்ரெஷ் பீன்ஸ் என்றால் தாளித்து, காயைப் போட்டு, ஒரு கை தண்ணீர் தெளித்து மூடி வைப்போம். ஃப்ரோஸன் பீன்ஸுக்கு இதை அப்படியே தலைகீழாக மாற்ற வேண்டும்.

காயை முன்கூட்டியே எடுத்து வெளியே வைக்க வேண்டாம். உருகினால் தண்ணீரில் ஊறிப் போகும். அகலமான வாணலியை நன்றாகக் காயவிட்டு எண்ணெய், கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தீயைக் கூட்டி, காயை ஃப்ரீசரில் இருந்து நேராகப் போடலாம். ஒட்டியிருக்கும் பனியை முதலில் உதறிவிட வேண்டும். சூடான எண்ணெயில் பனி விழுந்தால் தெறித்து முகத்தில் அடிக்கும். இதே காரணத்தால், பனியோடு இருக்கும் காலிஃப்ளவரை எண்ணெயில் முக்கிப் பொரிக்கவே கூடாது.

ஒரே நேரத்தில் அரை கிலோ பாக்கெட்டையும் கொட்டினால் வாணலி குளிர்ந்துவிடும். அப்புறம் காய் வதங்காது, வேகத்தான் செய்யும். ஒரு அடுக்காகப் பரவும் அளவுக்கு மட்டும் போட்டு, முதல் ஒரு நிமிடம் கிளறாமல் விட்டால் தண்ணீர் ஆவியாகி ஓரங்கள் லேசாகச் சிவக்கும். ருசி அங்கேதான் இருக்கிறது. மூடி போடாமல் 4, 5 நிமிடம் போதும். உப்பு கடைசியில்தான், முதலிலேயே போட்டால் இன்னும் தண்ணீர் விடும். தேங்காய்த் துருவல் இறக்கும்போது.

காலிஃப்ளவருக்கு மட்டும் ஒரு சின்ன மாற்றம். எண்ணெய் இல்லாத சூடான வாணலியில் முதலில் போட்டு, தண்ணீர் வற்றிய பிறகு எண்ணெயும் மிளகாய்த் தூளும் சேர்த்தால் வறுவல் வறுவலாகவே வரும்.

குருமா, சாம்பார், புலாவ்

குக்கரில் பட்டாணியைப் போட்டு 3 விசில் விடுவதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கிறது. ஊறவைத்த காய்ந்த பட்டாணிக்கு அது சரி. ஃப்ரோஸன் பட்டாணி அதில் தோல் கழன்று மசிந்துவிடும். குருமா மசாலா கொதித்து முடியும் நேரத்தில் போட்டு 5 நிமிடம் விட்டாலே போதும். சாம்பாரிலும் புளி, பருப்பு எல்லாம் சேர்ந்த பிறகு கடைசியாக. புலாவுக்கு அரிசியோடு காயைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால், வழக்கமாக ஊற்றும் தண்ணீரில் கால் டம்ளர் குறைத்துக்கொள்ளலாம்.

மிக்ஸ்டு வெஜிடபிள் பாக்கெட்டை விட, பட்டாணி, பீன்ஸ் என்று தனித்தனியாக வாங்குவதே நல்லது. கேரட் வேகும்வரை காத்திருந்தால் பட்டாணி குழைந்துவிடும். ஒரே பாக்கெட்டில் இரண்டையும் திருப்திப்படுத்த முடியாது.

ஸ்வீட் கார்னை அப்படியே சாலட்டில் போடலாமா?

கூடாது. உறைய வைப்பது கிருமிகளைக் கொல்லாது, தூங்க மட்டுமே வைக்கும். 2015 முதல் 2018 வரை ஐரோப்பாவின் 5 நாடுகளில் 47 பேருக்கு லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தொற்று ஏற்பட்டு, 9 பேர் உயிரிழந்தனர். ஹங்கேரியில் உள்ள ஓர் ஆலையில் உறைய வைக்கப்பட்ட ஸ்வீட் கார்ன் உள்ளிட்ட காய்கறிகளே இதற்குக் காரணம் எனக் கண்டறியப்பட்டது. பாக்கெட்டில் 'சமைத்து உண்ணவும்' என்று இருந்தால் அது சும்மா போட்ட வரி இல்லை. கர்ப்பிணிகளும் வயதானவர்களும் இருக்கும் வீட்டில், சாலட்டாக இருந்தாலும் ஆவி பறக்கச் சூடாக்கி ஆறவைத்த பிறகே சேர்க்க வேண்டும்.

சத்து போயிடுமா?

கொதிநீரில் காட்டும்போது வைட்டமின் சி கொஞ்சம் குறையும். ஆனால் பறித்து, லாரி ஏறி, கடையில் 3, 4 நாள் கிடந்த காயும் அதை இழந்துகொண்டேதான் இருக்கும். பட்டாணியைப் பறித்ததுமே அதன் இனிப்பு மாவுச்சத்தாக மாறத் தொடங்கிவிடும். அதனால் பறித்த சூட்டில் உறைய வைத்த பட்டாணி, வாடிப்போன பட்டாணியை விட இனிப்பாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. நார்ச்சத்து, புரதம் எல்லாம் அப்படியே இருக்கும்.

தை, மாசியில் பட்டாணி மலிவாக வரும்போது வீட்டிலேயும் செய்யலாம். உரித்து, கொதிநீரில் 2 நிமிடம், உடனே ஐஸ் தண்ணீரில், பிறகு துணியில் ஈரம் போகத் துடைத்து, தட்டில் பரப்பி உறைந்த பிறகு பையில் போட்டால் உதிரி உதிரியாக இருக்கும். பச்சை உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய் இதற்கு ஆகவே ஆகாது.

கரண்ட் போனா என்ன செய்வது?

பெரும்பாக்கம், மேடவாக்கம், பள்ளிக்கரணை மக்களுக்கு இது வெறும் சமையல் கேள்வி இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் சூழ்ந்து, பல தெருக்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை.

நிரம்பிய பெரிய ஃப்ரீசர், திறக்காமல் இருந்தால் சுமார் 48 மணி நேரம் குளிரைத் தாங்கும். பாதி நிரம்பியிருந்தால் 24 மணி நேரம். சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜின் மேல் பெட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அது இதைவிடச் சீக்கிரமே உருகும். இன்னொன்று, ஃப்ரோஸன் காய்கறிக்குத் தேவை மைனஸ் 18 டிகிரி. பல சிங்கிள் டோர் பெட்டிகள் அந்த அளவுக்குப் போகாது. எனவே பாக்கெட்டில் உள்ள தேதியை நம்பி மாதக்கணக்கில் வைக்காமல், வாங்கிய சில வாரங்களில் முடித்துவிடுவது நல்லது. கடையில் வாங்கும்போதே பாக்கெட்டைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே கட்டியாக இருந்தால் வழியில் எங்கேயோ உருகி, மறுபடி உறைந்த சரக்கு.

கரண்ட் வந்த பிறகு காயில் இன்னும் பனித்துகள் இருந்தால் அன்றைக்கே சமைத்துவிடலாம். முழுசா உருகி, குளிர்ச்சியும் போயிருந்தால் வேண்டாம்.

மழைக்காலத்தில் ஊருக்குப் போகிறவர்களுக்கு ஒரு எளிய வழி. கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு டம்ளர் தண்ணீரை ஃப்ரீசரில் உறைய வைத்து, அதன் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போகலாம். திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் மேலேயே இருந்தால் காய் பத்திரம். டம்ளரின் அடியில் போய் உறைந்திருந்தால், இடையில் எல்லாமே உருகி மறுபடி உறைந்திருக்கிறது என்று அர்த்தம். பாக்கெட் பார்க்க நன்றாக இருந்தாலும் குப்பையில் போட்டுவிட வேண்டியதுதான்.