கம்பனி பதிந்தாயிற்று, அதன் பிறகு?

யாழ்ப்பாணத்தில் ஏதாவது ஒரு சிறிய கம்பனியின் அலுவலகத்துக்குள் நுழைந்தால், பெரும்பாலும் முதலில் கண்ணில் படுவது சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் கூட்டிணைப்புச் சான்றிதழ்தான். மென்பொருள் செய்பவர்கள், விருந்தினர் விடுதி நடத்துபவர்கள், கருவாடு ஏற்றுமதி செய்பவர்கள் என்று கடந்த சில மாதங்களில் பலரோடு பேசினேன். எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: "ஆண்டு விபரத்திரட்டு கடைசியா எப்ப அனுப்பினீங்கள்?" அநேகமாகக் கிடைத்த பதில்: "அதெல்லாம் செக்ரட்டரி பாப்பார்." செக்ரட்டரி யார் என்று கேட்டால், "கொழும்பில ஒரு ஆள்."

இந்தப் பதிலுக்கு ஒரு காரணம் இருக்கிறது. எங்களுடைய வியாபாரப் பழக்கம் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவதோடு தொடங்கியது. தனியாள் வியாபாரமோ பங்குடைமையோ, பெயரைப் பதிந்து பத்திரத்தை எடுத்துவிட்டால் அந்தப் பக்கத்து வேலை ஏறத்தாழ முடிந்துவிடும். கம்பனி அப்படியல்ல. 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின்படி அது உங்களிடமிருந்து வேறான ஒரு சட்ட ஆள். கம்பனியின் கடனுக்காக உங்கள் வீட்டு வளவை யாரும் கேட்க முடியாது என்ற பாதுகாப்பு அந்த வேறுபாட்டிலிருந்துதான் வருகிறது. அதற்கு ஈடாகச் சட்டம் ஆண்டுதோறும் சில கடதாசிகளைக் கேட்கிறது.

அவற்றில் முதலாவது ஆண்டுப் பொதுக்கூட்டம். கணக்காண்டு மார்ச் 31 இல் முடியும் கம்பனியானால், கணக்கறிக்கைகளைத் தயாரித்து, கணக்காய்வு செய்வித்து, செப்டெம்பர் 30 க்குள் கூட்டத்தை நடத்த வேண்டும். ஒரு கூட்டத்துக்கும் அடுத்த கூட்டத்துக்கும் இடையில் 15 மாதங்களுக்கு மேல் போகக்கூடாது. புதிய கம்பனிக்கு முதற் கூட்டத்துக்கு 18 மாத அவகாசம் உண்டு. இரண்டு மூன்று பேர் மட்டுமே பங்குதாரர்களாக இருக்கும் இடத்தில் மண்டபமும் மாலையும் தேவையில்லை. கூட்டத்துக்குப் பதிலாக எழுத்தில் தீர்மானம் எழுதிக் கையொப்பமிடவும் சட்டம் வழி விட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தாள் கோப்பில் இருக்க வேண்டும். கூட்டம் முடிந்து 30 வேலை நாட்களுக்குள் படிவம் 15, அதாவது ஆண்டு விபரத்திரட்டு, கம்பனிகள் பதிவாளருக்குப் போக வேண்டும். தனியார் கம்பனிகள் கணக்கறிக்கையைப் பதிவாளரிடம் பதியத் தேவையில்லை. இதைக் கேட்டுவிட்டுக் கணக்காய்வே தேவையில்லை என்று நினைப்பவர்களையும் சந்தித்தேன். அது தவறு. கணக்காய்வாளரை நியமிக்கும் கடமை தனியார் கம்பனிக்கும் உண்டு.

இனி அந்தக் கொழும்புச் செயலாளர். ஒவ்வொரு கம்பனிக்கும் செயலாளர் இருந்தே ஆக வேண்டும். கம்பனி தொடங்கும்போது யாரோ ஒருவரின் பெயரைப் போட்டு ஆரம்பக் கட்டணத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆண்டுக் கட்டணம் நின்றதும் அவரும் நின்றுவிடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, சம்பளமில்லாமல் யார் வேலை செய்வார்? ஆனால் விபரத்திரட்டு போகாவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர்களில் பணிப்பாளர்களும் அடக்கம். ஆகவே செயலாளரிடம் கேட்க வேண்டியது "எல்லாம் சரிதானே?" என்பதல்ல. பதிவாளர் ஏற்றுக்கொண்ட படிவம் 15 இன் பிரதியைக் கேளுங்கள்.

உண்மையில் ஆண்டுக் கடதாசிகளை விட ஆபத்தானது, இடையில் நடக்கும் மாற்றங்களை எழுதாமல் விடுவது. நான் பேசியவர்களில் மூன்று நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய ஒரு கம்பனியின் கதை இது. மூவரும் பணிப்பாளர்கள், மூவரும் பங்குதாரர்கள். ஒருவர் கனடா போனார். போகும்போது வட்சப்பில், "மச்சான், நான் விலகிட்டன், இனி நீங்கள் பாத்துக் கொள்ளுங்கோ" என்று எழுதினார். மற்ற இருவரும் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார்கள். அவ்வளவுதான்.

நான்கு வருடம் கழித்து வங்கிக் கடன் கேட்டபோது, வங்கி பதிவாளரின் சான்றுப்படுத்திய பிரதிகளைக் கேட்டது. அதில் கனடாக்காரர் இன்னும் பணிப்பாளர். தீர்மானத்தில் அவருடைய கையொப்பம் இல்லாமல் கடன் நகரவில்லை. இதே காலத்தில் ஊழியர் சேமலாப நிதி நிலுவைக்காகத் தொழில் திணைக்களம் வழக்குத் தொடர்ந்தது. அந்தச் சட்டத்தில் கம்பனி செய்யும் குற்றத்துக்குப் பணிப்பாளர்களும் பொறுப்பாளிகள். அழைப்பாணை அவருடைய தாயார் வாழும் வீட்டுக்குப் போனது. விலகிப் போன ஆளுக்கு நான்கு வருடத்துக்குப் பிறகு அழைப்பாணை வந்தது என்று குடும்பத்தில் ஒரே குழப்பம். நண்பர்கள் இப்போது கதைப்பதில்லை.

இதைத் தவிர்க்க வேண்டிய வேலை மிகச் சிறியது. பணிப்பாளர் விலகுவதென்றால் எழுத்தில் கடிதம் எழுதிக் கையொப்பமிட்டு, கம்பனியின் பதிவு செய்யப்பட்ட முகவரியில் சேர்ப்பிக்க வேண்டும். கம்பனி 20 வேலை நாட்களுக்குள் படிவம் 20 மூலம் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். விலகுபவருக்கு என் ஆலோசனை: கடிதம் கிடைத்ததாக ஒரு கையொப்பம் வாங்குங்கள், படிவம் 20 பதியப்பட்டதன் பிரதி கைக்கு வரும்வரை விடாதீர்கள். அலுவலகம் இடம் மாறினால் படிவம் 13. புதிய பங்கு வழங்கினால் படிவம் 6, அதுவும் 20 வேலை நாட்களுக்குள். கனடாக்காரரின் பங்குகள் வேறு கதை. பணிப்பாளர் பதவியிலிருந்து விலகினாலும் அவர் பங்குதாரர்தான். பங்கு கைமாற்றம் எழுதப்பட்டு, பங்குப் பதிவேட்டில் பெயர் மாற வேண்டும். யார் பங்குதாரர் என்பதற்கு முதற்சான்று அந்தப் பதிவேடுதான். அப்படி ஒரு பதிவேடு இருக்கிறதா என்று கேட்டபோது பலர் சான்றிதழ் தொங்கும் சுவரைப் பார்த்தார்கள்.

வடக்கில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு. காசு வெளிநாட்டில் இருக்கும் மாமாவுடையது, பங்கு இங்கிருக்கும் மருமகனின் பெயரில். 2025 இல் வந்த கம்பனிகள் சட்டத் திருத்தம், பெயருக்குப் பின்னால் இருக்கும் உண்மையான உரிமையாளர் யார் என்பதை வெளிப்படுத்தும் கடமையைக் கொண்டுவந்திருக்கிறது. வாய்ப்பேச்சில் ஓடும் ஏற்பாடுகளைக் கம்பனிச் சட்டம் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் இப்போதே காட்டுவது நல்லது. மாமா உயிரோடு இருக்கும்போது எழுதுவது சுலபம்.

வரிப் பக்கம் நாட்காட்டியில் குறித்துவைக்கும் விடயம். வருமான வரித் தவணைகள் ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆம் திகதி. மிச்சம் செப்டெம்பர் 30, விபரத்திரட்டு நவம்பர் 30. வருமானம் இல்லாத ஆண்டிலும் கம்பனி விபரத்திரட்டை அனுப்ப வேண்டும். சம்பளத்தில் பிடித்த வரி அடுத்த மாதம் 15 க்குள். சேமலாப நிதிக்கு ஊழியரிடமிருந்து 8 வீதம், கம்பனி 12 வீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனி மட்டும் 3 வீதம். சேமலாப நிதியைத் தாமதித்தால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை ஏறும். "பிள்ளைகள் பயிற்சியிலதான் நிக்கினம்" என்ற சாட்டு தொழில் அதிகாரியிடம் எடுபடாது.

நட்டத்தில் ஓடுபவர்கள் கவனிக்க இன்னொன்று. கம்பனியின் தேறிய சொத்து, கூறப்பட்ட மூலதனத்தின் பாதிக்குக் கீழே போனது தெரியவந்தால், பணிப்பாளர் சபை 20 வேலை நாட்களுக்குள் விசேட பொதுக்கூட்டம் ஒன்றைக் கூட்ட அறிவித்தல் கொடுக்க வேண்டும். 220 ஆம் பிரிவு இது. ஒரு இலட்சம் ரூபா மூலதனத்தோடு தொடங்கிய கம்பனி இந்தக் கோட்டைத் தாண்ட ஒரு மோசமான பருவம் போதும். கணக்கை ஆண்டுக்கொருமுறை கூடப் பார்க்காதவருக்குத் தாண்டியதே தெரியாது.

பல ஆண்டுகள் விடுபட்டுவிட்டதே என்று தயங்குபவர்கள் பழைய ஆண்டிலிருந்து ஒவ்வொன்றாகத் தாமதக் கட்டணத்தோடு பதியலாம். இப்போது இணையவழிப் பதிவு இருப்பதால் ஒவ்வொரு படிவத்துக்கும் கொழும்பு டி.ஆர். விஜயவர்தன மாவத்தைக்கு பஸ் ஏற வேண்டியதில்லை. ஓடாத கம்பனியை அப்படியே விடாதீர்கள், முறையாக மூடுங்கள். பதிவாளரே பெயரை நீக்கிவிட்டால், பிறகு வங்கிக் கணக்கில் கிடக்கும் காசை எடுக்கவும் பெயரைத் திரும்பச் சேர்க்கவும் நீதிமன்றம் வரை போக நேரிடும். முதலில் செய்யக்கூடியது, உங்கள் கம்பனி பற்றிப் பதிவாளரிடம் இருக்கும் ஆவணங்களின் சான்றுப்படுத்திய பிரதிகளைக் கட்டணம் செலுத்தி எடுத்து, அதிலுள்ள முகவரியும் பணிப்பாளர்களும் செயலாளரும் இன்றைய நிலையோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது.