கண்ணை மூடிக்கொண்ட இன்ஸ்பெக்டர்

துப்பறியும் கதைகளில் நமக்கு மிகவும் பிடித்த கட்டம் எது? கொலைகாரன் பிடிபடும் கட்டம் என்று சட்டென்று சொல்லிவிடுவோம். வாஸ்தவத்தில் அதுவல்ல. செத்தவன் படுபாவி, கொன்றவர் நல்லவர் என்று ஏற்பட்டுவிட்டால், எல்லாவற்றையும் கண்டுபிடித்த துப்பறிவாளர் வாயைத் திறக்காமல் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்புவார் பாருங்கள், அந்தக் கட்டந்தான்.

இது பழைய வழக்கம். 1904-ல் கானன் டாயில் எழுதிய 'அபி கிரேஞ்ச்' கதையில், குடித்துவிட்டு மனைவியை அடிக்கும் பிரபு ஒருவன் கொல்லப்படுகிறான். அடித்துக் கொன்ற கப்பல் அதிகாரியை ஷெர்லக் ஹோம்ஸ் கண்டுபிடித்து, தாமே நீதிபதியாகி, வாட்ஸனை ஜூரியாக்கி, அறைக்குள்ளேயே விசாரணை நடத்தி விடுதலை செய்துவிடுகிறார். ஆனால் ஸ்காட்லாந்து யார்டு இன்ஸ்பெக்டரிடம் பெயரைச் சொல்வதில்லை. தாம் தனி மனிதர், மனசாட்சிப்படி நடக்கலாம். இன்ஸ்பெக்டரோ உத்தியோகஸ்தர், தெரிந்ததை மறைத்தால் இலாகாவுக்குத் துரோகம் என்பது ஹோம்ஸின் கட்சி. இந்தக் கோட்டைக் கிழித்துக்கொண்டதற்காகவே எனக்கு அந்தக் கதை பிடிக்கிறது.

முப்பது வருஷத்தில் கோடு மங்கிவிட்டது. 1934-ல் வெளிவந்த அகதா கிறிஸ்டியின் 'ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்' கதையைப் படிக்காதவர்கள் இந்தப் பாராவைத் தாண்டிவிடலாம். குழந்தையைக் கடத்திக் கொன்றுவிட்டுப் பண பலத்தால் தப்பியவனை, பனியில் சிக்கி நின்ற ரயிலில் பன்னிரண்டு பேர் சேர்ந்து குத்துகிறார்கள். ஜூரியின் எண்ணிக்கையும் பன்னிரண்டு அல்லவா! போலீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பாய்ரோ இரண்டு முடிவுகளை எடுத்து வைக்கிறார். ரயில் கம்பெனி டைரக்டர் பொய்யானதைப் பொறுக்கி யுகோஸ்லாவியப் போலீசுக்குக் கொடுக்கிறார். நாமும் கை தட்டுகிறோம்.

அதே கதையில் ஒரு வேலைக்காரப் பெண் வருகிறாள். குழந்தை கடத்தலில் அவளுக்குப் பங்கு உண்டென்று போலீசார் சந்தேகிக்க, அவள் ஜன்னலிலிருந்து குதித்து உயிரை விடுகிறாள். பிறகுதான் நிரபராதி என்று தெரிகிறது. இது வெறும் கற்பனையல்ல. 1932-ல் அமெரிக்காவில் விமானி லிண்ட்பர்க்கின் குழந்தை கடத்தப்பட்டபோது, அவருடைய மாமியார் வீட்டுப் பணிப்பெண் ஒருத்தி போலீஸ் விசாரணை தாங்காமல் விஷம் குடித்து இறந்தாள், அவளும் குற்றமற்றவளே. சந்தேகம் தப்பாகவும் போகும் என்பதற்கு ஆசிரியையே சாட்சி வைத்திருக்கிறார். ரயிலில் மட்டும் தப்பு நேராதபடி பார்த்துக்கொண்டார். கதாசிரியர்களுக்கு அந்தச் சௌகரியம் உண்டு. போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிடையாது. கோர்ட்டு தவறினால் அப்பீல் செய்யலாம். போலீசார் மூடி வைத்த கொலையில் தவறு இருந்தால் யாரிடம் போவது?

1974-ல் இந்தக் கதை படமாக வந்தது. அதே ஆண்டு வந்த மற்றொரு படம் 'டெத் விஷ்'. மனைவியைக் கொன்று மகளைச் சீரழித்துவிட்டார்கள் என்று ஒரு கட்டிடக் கலைஞன் நியூயார்க் தெருக்களில் வழிப்பறிக்காரர்களைச் சுட்டுத் தள்ளுகிறான். அவன் குடும்பத்தைக் கெடுத்த மூவர் படம் முடியும் வரை அவன் கண்ணில் படுவதே இல்லை! வழிப்பறி குறைந்துவிட்டதால் மேலதிகாரிகளுக்கு அவனைக் கைது செய்ய விருப்பமில்லை. அவன் துப்பாக்கியைக் கண்டெடுத்த இளம் போலீஸ்காரனிடம், அதைப் பார்த்ததையே மறந்துவிடு என்கிறார் இன்ஸ்பெக்டர். ஹோம்ஸ் யாருக்குக் கூடாதென்றாரோ, அவரே மறைக்கிறார்.

மூல நாவலை 1972-ல் எழுதிய பிரையன் கார்ஃபீல்டுக்குப் படம் பிடிக்கவில்லை. 1975-ல் மறுப்பாகவே இன்னொரு நாவல் எழுதினார். படத்திலோ, ஊரைவிட்டுப் போனால் போதுமென்று விட்டுவிடுகிறார்கள். அவன் சிகாகோ ரயில் நிலையத்தில் இறங்குகிறான். அங்கே ஒரு பெண்ணிடம் வம்பு செய்த பையன்களைப் பார்த்து, விரலைத் துப்பாக்கிபோல் நீட்டிப் புன்னகை செய்கிறான்.