சோகை அல்லது பெரிபெரி

முதியங்கனை விகாரைக்கு முன்னால் உள்ள சமதரை வீதியில் நடந்தாலே எனக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது சென்ற மாதத்தில்தான். வயதென்று விட்டுவிட்டேன். இரத்தத்தைச் சோதித்தபோது ஈமோகுளோபின் எட்டுக்குக் கீழே இருந்தது. பிறகு குழாய் விட்டுப் பார்த்தார்கள். குடலிலிருந்து ஒரு சிறு துணுக்கை வெட்டியெடுத்து அனுப்பினார்கள். முடிவு வர மூன்று வாரமாகும் என்றார்கள்.

மூன்று வாரம் சும்மா இருக்கும் மனிதன் இந்தக் காலத்தில் உண்டா? இரவில் வீடு உறங்கிய பின் கணினிக்கு முன் அமர்ந்தேன். ஆங்கிலத்தில் தேடினால் ஐம்பதைக் கடந்த ஆணின் சோகைக்கு முதலில் வரும் பதில் குடற்புற்றுநோய். தமிழில் தேடினால் பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும். ஆங்கிலம் என்னைச் சாகச் சொன்னது; தமிழ் சமைக்கச் சொன்னது. மூன்றாம் நாளிரவு ஏதோவொரு நீண்ட பட்டியலின் அடியில் கொழுக்கிப்புழு என்ற பெயரைக் கண்டேன். அந்தக் கணத்தில் நோயாளி ஒதுங்கிக்கொள்ள, பத்திரிகையாளன் விழித்துக்கொண்டான்.

காரணம், என் அப்பாயி. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்தெடுத்தவர். தன் தாயாரைப் பற்றிக் கேட்டால் அவர் சொல்வது ஒரே வாக்கியம்தான்: "வெளுத்து வெளுத்தே செத்துப் போச்சு." என்ன நோயென்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை.

ஊவா தனி மாகாணமானது 1886இல். அடுத்த ஆண்டு, அன்றைய பிரதான சிவில் வைத்திய அதிகாரி கின்சி, இலங்கையின் 'சோகை அல்லது பெரிபெரி' குறித்து ஓர் அறிக்கை வெளியிட்டார். தலைப்பிலுள்ள அந்த 'அல்லது' என்ற சொல்லைத்தான் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வெளிறல், வீக்கம், நடந்தால் இளைப்பு என்று இரு நோய்க்கும் முகம் ஏறக்குறைய ஒன்றே. ஒன்று உணவிலுள்ள குறையால் வருவது. மற்றது சிறுகுடலின் சுவரைக் கவ்வி இரத்தம் குடிக்கும் புழுவால் வருவது. பெரிபெரி என்ற பெயரே சிங்களத்தில் 'இயலாது' எனப் பொருள்படும் சொல்லின் இரட்டிப்பு என்று அகராதிகள் கூறுகின்றன. நோயாளியின் முனகலையே நோயின் பெயராக எழுதி வைத்திருக்கிறார்கள்!

புழு அறியப்படாததல்ல. மிலானில் டுபினி அதனை 1838இலேயே கண்டிருந்தார். அது வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் செல்கிறது என்பதுதான் தெரியவில்லை. கெய்ரோவில் லூஸ் என்ற ஜெர்மானியரின் கையில் புழுவின் குஞ்சுகள் இருந்த நீர் தவறிச் சிந்தி, அந்த இடம் சிவந்து அரித்ததால் 1898இல் அந்த வழி வெளிப்பட்டது. மலக்கூடமற்ற லயம், மழை ஓயாத மலை, செருப்பில்லாத கால். தேயிலை மலைகளில் அந்தப் புழுவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பெரட்டுக்களத்தில் 'இயலாது' என்றவர் துரையின் கண்ணுக்குச் சோம்பேறி.

ரொக்பெல்லர் நிறுவனத்தார் 1916இல் மாத்தளைத் தோட்டங்களில் இயக்கத்தைத் தொடங்கியபோது, பரிசோதிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோரிடம் புழு இருந்தது. செனோபோடியம் எண்ணெயும் பேதி உப்பும் கொடுத்தார்கள். புழு வெளியேறியது. மலக்கூடம் கட்டப் பணம் செலவிடத் தோட்டக்காரர்கள் தயங்கினார்கள். புழு திரும்பி வந்தது. கதையின் இந்தப் பகுதியை யாரும் ஊகிக்கலாம்.

ஊகிக்க முடியாத ஒன்று உண்டு. மலையகத்தார் வெளுத்துச் செத்துக்கொண்டிருந்த அதே காலத்தில், நவீன மருத்துவம் முழுவதையும் தமிழில் எழுத ஒருவர் முயன்றுகொண்டிருந்தார். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். 'இரணவைத்தியம்' 1867இல் வந்தது. 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல். தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்வதற்கான முதற் சட்டம் பிறந்ததும் அதே 1872இல்தான். நோயைத் தமிழில் விளக்கும் நூல் வடக்கே. தமிழ் பேசும் நோயாளி தெற்கே மலையில். இரண்டும் சந்திக்கவில்லை. சந்தித்திருந்தாலும் என் அப்பாயியின் தாயாருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனால் படித்துச் சொல்ல ஒரு கணக்கப்பிள்ளையாவது இருந்திருப்பாரே என்று நினைக்கிறேன். (கணக்கப்பிள்ளைகளைப் பற்றி அப்பாயி சொன்னவற்றை நினைத்தால் இந்த எண்ணமும் தளர்கிறது.)

கிறீனின் கலைச்சொற்கள் பல இன்று வழக்கில் இல்லை. அவர் மாணவர்களுக்குத் தமிழில் சொல்லிக்கொடுத்தவற்றை, நூற்றைம்பது ஆண்டுகளின் பின் இரவு இரண்டு மணிக்கு ஆங்கிலத்தில் எழுத்துக்கூட்டி வாசித்து நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். கலைப்பட்டதாரிக்கு அதில் பாதி விளங்காது. விளங்காத பாதிதான் தூக்கத்தைக் கெடுக்கும்.

நான் செருப்பணிந்து வளர்ந்தவன். பூச்சி மருந்து குடித்து வளர்ந்தவன். புழுவாக இருக்க வாய்ப்புக் குறைவென்று எனக்குத் தெரியும். ஆயினும் அது புழுவாகவே இருக்கட்டும் என்று சில இரவுகளில் வேண்டிக்கொண்டதை மறைக்க விரும்பவில்லை. என் பூட்டியைக் கொன்றிருக்கக்கூடிய ஒன்றை இன்று இரண்டொரு மாத்திரையில் தீர்த்துவிடலாம்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். வைத்தியர் சிங்களத்தில் விளக்குவார். வீட்டுக்கு வந்து நான் தமிழில் சொல்ல வேண்டும். பசறையிலிருந்து அக்கா திங்கட்கிழமையே வந்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார், முருங்கைக்கீரைக் கட்டோடு.