வச்சிரமும் வயிரமும்: ஒரு சொல்லின் பொருள் வரலாறு

வடமொழி 'வஜ்ர' என்னும் சொல் தமிழில் வச்சிரம், வயிரம் என இரு வடிவங்களில் வழங்குகிறது. படைக்கலம், இடி, மணி, மரத்தின் காழ் எனப் பல பொருள்களை இவை தம்முள் பகிர்ந்துகொண்டுள்ளன. இப்பொருள்கள் கிளைத்த முறையை அறிவது மொழிபெயர்ப்பாளர்க்கு இன்றியமையாதது.

இருக்கு வேதத்தில் வஜ்ரம் இந்திரனின் படைக்கலம். துவட்டா அதனைச் செய்தளித்ததையும், அதனால் விருத்திரன் வீழ்ந்ததையும் முதல் மண்டலத்தின் 32ஆம் பாடல் கூறுகிறது. அவெத்தா மொழியில் இதற்கு இனமான சொல் மித்திரனின் கதாயுதத்தைக் குறிக்கிறது. ஆகவே, கையிலேந்தி அடிக்கும் கருவி என்பதே இந்தோ-இரானியப் பழம்பொருள் எனலாம். இந்திரன் மழையோடு இயைந்தமையால் அவன் கருவி இடியாயிற்று. தான் சிதையாது பிறவற்றைச் சிதைக்கும் இயல்பு பற்றி, மணிகளுள் மிகத் திண்ணியதற்கும் அப்பெயர் சென்றது. கௌடிலியரின் அர்த்தசாத்திரம் மணிகளைக் கூறுமிடத்து இச்சொல்லை இப்பொருளில் ஆள்கிறது.

தமிழில் இப்பொருட்பிரிவு ஒலிவடிவிலும் புலப்படுகிறது. சிலப்பதிகாரம் சுட்டும் புகார் நகரத்து வச்சிரக்கோட்டம் இந்திரன் படைக்கு உரியது. பிராகிருதத்தின் வழி வந்த வயிரம் மணியைக் குறிப்பதாயிற்று. 'வயிரம் பாய்ந்த கட்டை' என்னும் வழக்கில் திண்மைப் பொருள் நிற்கிறது. தச்சர் மரத்தை ஒட்டப் பயன்படுத்தும் பசையும் வச்சிரம் எனப்படும். பகைமையைக் குறிக்கும் வயிரமோ 'வைர' என்னும் வேறொரு வடசொல்லின் திரிபு. இரண்டும் ஒலியால் ஒன்றினவேயன்றிப் பிறப்பால் ஒன்றல்ல.

பௌத்த நூல்கள் பிறமொழி புகுந்தபோது இச்சிக்கல் பெரிதாயிற்று. திபெத்தியர் 'கற்களின் தலைவன்' எனப் பொருள்படும் 'தோர்ஜே' என்னும் சொல்லையும், சீனர் திண்ணிய உலோகத்தைக் குறிக்கும் சொல்லையும் அமைத்தனர். 'வஜ்ரச்சேதிகா' என்னும் நூற்பெயரை மாக்சு முல்லர் 1894இல் வயிரத்தை வெட்டுவது என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் பெயர்த்தார். எட்வர்டு கான்சே அதனை மறுத்து, இடியேறு போல வெட்டுவது என்றே கொள்ளவேண்டும் என்றார். உருவகம் மணியா படையா என்பதனைப் பொறுத்து, ஞானம் வெட்டும் கருவியா அன்றி வயிரத்தையும் வெட்டவல்லதா என்னும் கருத்தே வேறுபடுகிறது.

ஆங்கிலம் இரண்டிலொன்றைத் தேர்ந்தாகவேண்டும். தமிழுக்கோ அந்நெருக்கடி இல்லை. படை, மணி ஆகிய இரண்டனையும் தாங்கும் வச்சிரம் என்னும் வடிவம் நம்மிடம் உண்டு. மூலம் இருபொருள்பட நிற்குமிடத்து வச்சிரம் என்பதனையும், மணி என்பது ஐயமறத் தெளியுமிடத்து மட்டும் வயிரம் என்பதனையும் ஆளுதல் தக்கது.