ஒருசாலை மாணாக்கர்

நூலொன்றுக்குச் சிறப்புப்பாயிரம் கூறுதற்கு உரியோர் யாவர் என்பதை நன்னூல் வரையறுத்துச் சொல்கின்றது. நூல் செய்தவனுடைய ஆசிரியன், அவனோடு உடன்கற்றோன், அவனுடைய மாணாக்கன், நூலுக்கு உரை காணத் தக்கவன் ஆகிய நால்வருமே அவ்வுரிமை உடையோர். எத்துணை ஆற்றல் உடையவனாயினும் தன்னைத் தானே புகழ்தல் தகாது. ஆதலின் அவன் தகுதியை அறிந்து சொல்லப் பிறனொருவன் வேண்டும். அந்த நால்வருள் உடன்கற்றோனுக்கும் இலக்கணநூலார் இடந்தந்திருப்பது எம் சிந்தனைக்குரியது. ஆசிரியன் எம்மை மேலிருந்து கண்டவன். மாணாக்கன் கீழிருந்து கண்டவன். உடன்கற்றோனோ ஒரே வாங்கில் அருகிருந்து கண்டவன்.

பழைய மாணவர் ஒன்றுகூடல்கள் இன்று எங்கும் மலிந்துள்ளன. ஐம்பது வயதைத் தொட்டவர்கள் தம் வகுப்புத் தோழரைத் தேடிக் கண்டுபிடித்து, மண்டபம் எடுத்து, விருந்துண்டு, படம் எடுத்துப் பிரிகின்றனர். இளைஞராகிய நாம் இதனை முதியோரின் பொழுதுபோக்கென்றே எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு எம் தந்தையாரின் உயர்தர வகுப்பினர் கூடியபோது, கதிரை அடுக்கவும் தேநீர் பரிமாறவும் நாமும் சென்றிருந்தோம். ரொறன்ரோவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் சிலர் வந்திருந்தனர். தலைமயிரைப் பற்றியும் வயிற்றைப் பற்றியும் பகிடிகள் நடந்தன. பின்னர், முதிய ஆசிரியர் ஒருவர் எழுந்து, பழைய இடாப்பின் வரிசைப்படியே பெயர்களை நினைவிலிருந்து கூப்பிடத் தொடங்கினார். வந்திருந்தோர் சிறுவரைப் போல எழுந்து நின்று "சேர்" என்றனர். வராதோருக்காகப் பக்கத்திலிருந்தவர் விடை சொன்னார்: "கனடாவில இருக்கிறான் சேர்." சில பெயர்களுக்கு எவரும் வாய் திறக்கவில்லை. ஆசிரியர் ஒவ்வொரு முறையும் சற்றுத் தாமதித்து, அடுத்த பெயரைக் கூப்பிட்டார். தேநீர்த் தட்டோடு நின்ற எமக்கு, இஃது வெறும் பொழுதுபோக்கன்று என்பது அன்றே விளங்கிற்று.

நடுவயதில் ஒருசாலை மாணாக்கர் மீண்டும் கூடுவதனால் ஆவதென்ன? இவ்வினாவுக்கு எமது நாட்டு வரலாற்றிலேயே விடை உண்டு. அதனைத் தேடி நாம் வட்டுக்கோட்டைக்குச் செல்லுதல் வேண்டும்.

1816ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்துக்கு வந்த அமெரிக்க மிசனரிமார், 1823இல் வட்டுக்கோட்டையிலே உயர்கல்விச் சாலையொன்றை நிறுவினர். அதுவே வட்டுக்கோட்டைச் செமினறி. அதன் முதல் அதிபர் டானியல் பூவர். அவருக்குப் பின் அதிபரானவர் ஹென்றி ஹொய்சிங்ரன். ஆங்கிலமும் தமிழும், கணிதமும் வானசாத்திரமும், தருக்கமும் அங்குக் கற்பிக்கப்பட்டன. அமெரிக்காவிலிருந்து பொருளுதவி செய்தோரின் பெயர்களை மாணாக்கருக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனதும், விசுவநாதபிள்ளை கறோல் ஆனதும், சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனதும் இவ்வாறே.

இம் மூவரும் 1820ஆம் ஆண்டு பிறந்தவர்கள் என்பது கருதத்தக்கது. சங்கரத்தை, சுதுமலை, மானிப்பாய் என்னும் அயலூர்களிலிருந்து வந்து ஒரே சாலையிற் பயின்றவர்கள். நெவின்ஸ் 1850இல் 'நியாய இலக்கணம்' என்னும் தருக்கநூலை எழுதினார். கறோல் 1855இல் 'வீசகணிதம்' என்னும் நூலைத் தமிழில் வெளியிட்டார். ஆர்னோல்ட் 'உதயதாரகை'ப் பத்திரிகையின் ஆசிரியராய் நெடுங்காலம் விளங்கினார்.

அப் பத்திரிகையின் தோற்றமும் செமினறியோடு தொடர்புடையதே. 1841ஆம் ஆண்டு சனவரி 7ஆந் திகதி அதன் முதலிதழ் வெளிவந்தது. அதனை நடத்திய ஹென்றி மாட்டின், சேத் பேசன் இருவரும் செமினறியிற் கற்றவர்கள். தமிழும் ஆங்கிலமும் ஒருங்கே தாங்கி, மாதம் இருமுறை மானிப்பாய் அச்சகத்திலிருந்து அது வந்தது. படிப்பு முடிந்து ஊரூராய்ப் பிரிந்தவர்கள் செய்தி அறியவும் கருத்து மோதவும் அஃதொரு பொதுத் திண்ணையாயிற்று.

நிற்க. 1855ஆம் ஆண்டு செமினறிக்குப் பேரிடி விழுந்தது. ஆங்கிலக் கல்வியானது மாணாக்கரை அரசாங்க உத்தியோகத்துக்கே கொண்டு செல்கின்றது, சமயப் பணிக்கு உதவவில்லை என்று அமெரிக்கத் தலைமைச் சபையார் எண்ணினர். அச்சபையின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் நேரில் வந்து பார்வையிட்டதன் பின், சாலை மூடப்பட்டது. அதே ஆண்டில் டானியல் பூவரும் மானிப்பாயிலே காலமானார். ஆசிரியரும் போனார், கல்விச்சாலையும் போயிற்று. எஞ்சியோர் மாணாக்கர் மாத்திரமே.

அம் மாணாக்கர் பல திசைகளிற் சென்றனர். கறோல் விசுவநாதபிள்ளை சென்னைக்குச் சென்றார். அதே செமினறியிற் பின்னாளிற் பயின்ற சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் சென்னையை அடைந்தார். 1857இல் சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பீ. ஏ. பரீட்சையிலே சித்தியெய்தியோர் இவ்விருவருமே. மூடப்பட்ட சாலையொன்றின் பெயரை அதன் பிள்ளைகள் கடல் கடந்து காத்தனர் என்று இதனைக் கூறலாம்.

சமயத்திலும் அவர்கள் ஒருவழி நிற்கவில்லை. ஆர்னோல்ட் கிறிஸ்தவராகவே வாழ்ந்தார். கறோல் ஒருகாலத்தில் ஆறுமுகநாவலரை எதிர்த்து எழுதினார். பின்னர் சைவராய்த் திரும்பினார். தாமோதரம்பிள்ளையும் சைவத்தையே மேற்கொண்டார்; 1868இல் நாவலர் பரிசோதித்துக் கொடுக்கத் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையோடு பதிப்பித்தார். ஒரே வாங்கிலிருந்து எழுந்தவர்கள் வெவ்வேறு வாயில்களால் வெளியேறினர் எனினும், கற்ற கல்வியை எவரும் கைவிட்டாரல்லர்.

இனி, நாம் கூறவந்த விடயத்துக்கு வருவோம். 1867ஆம் ஆண்டில், செமினறியிற் கற்ற உள்ளூர்க் கிறிஸ்தவர் பலர் ஒன்றுகூடி, மூடப்பட்ட சாலைக்கு ஈடாக உயர்தரக் கல்லூரியொன்று வேண்டுமென முயலத் தொடங்கினர். 1820இற் பிறந்தவர்க்கு அப்பொழுது வயது நாற்பத்தேழு. குடும்பமும் உத்தியோகமும் பெற்று, இனி ஆறியிருக்கலாம் என்று எண்ணக்கூடிய பருவம். அவர்கள் ஆறியிருக்கவில்லை. அமெரிக்காவிலும் இங்கும் நிதி திரட்டப்பட்டது. 1872ஆம் ஆண்டு, செமினறி நின்ற அதே வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆர்னோல்ட் சதாசிவம்பிள்ளை அங்குத் தமிழ் கற்பித்தார். அவரே 1886இல் 410 புலவர்களின் வரலாறு கூறும் 'பாவலர் சரித்திர தீபக'த்தை வெளியிட்டார். அறுபத்தாறு வயதிலே பிறருக்குப் பாயிரம் எழுதினார் எனினும் பொருந்தும்.

நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை செய்தது எமது சங்கத்தாருக்கு இன்னும் நெருக்கமானது. அவர் தம் முதுமையில், 1880களின் பிற்பகுதியிலே, யாழ்ப்பாணப் பட்டணத்தில் உள்ளூர்ப் பிள்ளைகளுக்கென ஆங்கிலப் பாடசாலையொன்றை ஆரம்பித்தார். அது கைமாறி வண்ணார்பண்ணைக்கு வந்து, 1890இல் சைவபரிபாலன சபையாரின் பொறுப்பிற் சேர்ந்தது. இன்றைய யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி அதுவே. அவருடைய மைந்தர் நெவின்ஸ் செல்வத்துரை 1892இல் அதற்குத் தலைமை ஏற்றுப் பல ஆண்டுகள் பணிபுரிந்தார். மிசனரிமார் வட்டுக்கோட்டையில் இட்ட வித்தொன்று வண்ணார்பண்ணையிற் சைவக் கல்லூரியாய் முளைத்தது. மிசன் பாடசாலையிற் பயின்று, இந்து வாலிபரின் மலரில் எழுதும் எமக்கு, இவ்வரலாறு பெரியதோர் ஆறுதல்.

இவ்வரலாற்றைப் படித்தபின், சென்ற ஆண்டுக் கூட்டத்தை மீண்டும் எண்ணிப் பார்த்தோம். எம் தந்தையரின் தலைமுறைக்கும் ஒரு 1855 உண்டு. 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின் வகுப்புகள் உடைந்தன. வாங்குகள் ஒவ்வொன்றாய் வெறுமையாயின. 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத முடிவில், யாழ்ப்பாணத்து மக்கள் திரள்திரளாய் இடம்பெயர்ந்தபோது பாடசாலைகளும் அவர்களோடு இடம்பெயர்ந்தன. இடாப்புகள் பல அழிந்தன. 2009இல் யுத்தம் முடிந்தபின், பிரிந்தவர்கள் ஒருவரையொருவர் தேடுகின்றனர். அத் தேடலை நகைத்தல் இளையோராகிய எமக்கு அழகன்று.

ஆயின் முதியோரிடத்தும் பணிவோடு ஒன்று கேட்க விரும்புகின்றோம். வெளிநாடுகளிலுள்ள பழைய மாணவர் சங்கங்கள் கட்டடத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் புலமைப்பரிசிலுக்கும் பொருள் அனுப்புகின்றன. அதனை நாம் நன்றியோடு ஏற்கின்றோம். வட்டுக்கோட்டையார் பொருளோடு தம்மையும் தந்தனர். ஒருவர் வகுப்பில் நின்று கற்பித்தார். ஒருவர் புலவர் பெயர்களைத் தேடி எழுதினார். ஒருவர் முதுமையில் பாடசாலை நடத்தினார். உங்கள் ஒன்றுகூடல் முடிந்து ஊர் திரும்புமுன், ஒரு நாளேனும் பழைய வகுப்பறையில் இன்றுள்ள பிள்ளைகளோடு இருந்து, நீங்கள் கற்றதையும் கண்டதையும் சொல்லிச் செல்லலாகாதா?

இளைஞர்களே, எமக்கும் கடமை உண்டு. எம்முள் ஒவ்வொருவரும் தம் இல்லத்து மூத்தோர் ஒருவரிடம் சென்று, அவர் வகுப்பு இடாப்பைப் பெயர் பெயராய்க் கேட்டு எழுதுவோம். யார் யார் எங்குளர், என்ன செய்தனர் என்பதைக் குறிப்போம். விடை கிடையாத பெயர்களையும் விடாது எழுதுவோம். எவரும் வாய் திறவாத அப் பெயர்களுக்கு அவர்தம் உடன்கற்றோரே சான்று. அச்சான்றைச் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே கேட்டு எழுதி, அடுத்த ஆண்டு மலரில் முதற்பட்டியலை வெளியிடுவோமாக.