ஒரு பிழைதிருத்தம்: பூஞ்சையும் உப்பேறிய வயலும்



"பூஞ்சை என்றால் பயிருக்கு நோய்" என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு உங்களை மனப்பாடம் செய்யச் சொன்னவன் நான். அது பாதி உண்மைதான். மீதிப் பாதியை இன்று சொல்லிவிடுகிறேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் கடலூர்க் கரையில் கடல் புகுந்து உயிர்களைக் கொண்டுபோனது எல்லோருக்கும் தெரியும். வயல்கள் பட்ட பாட்டைப் பேசியவர்கள் குறைவு. பரங்கிப்பேட்டைப் பக்கம் என் சித்தப்பாவின் ஒரு காணி நிலத்தில் கடல்நீர் நின்று வடிந்தது. வெயில் ஏறியதும் மண்ணில் வெள்ளை பூத்தது. "இனி இது உப்பளம்தான், வித்துடலாம்டா" என்றார். நானும் தலையாட்டினேன்.

மாங்காயில் உப்புப் போட்டால் நீர் விடுகிறதல்லவா? உவர் மண்ணிலும் அதே கதைதான். ஈரம் இருந்தும் வேரால் உறிஞ்ச முடியாது.

வேளாண்மை தெரிந்தவர்கள் சொன்ன வழி எளியது. நல்ல நீரால் உப்பை அலசி வடிக்க வேண்டும். தொழுவுரம் இட வேண்டும். தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும்போது மடக்கி உழ வேண்டும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்த நம்மாழ்வார் ஐயாவும் நாகைக் கரையில் பசுந்தாள் விதைத்து உழச் சொல்லித்தான் நிலங்களை மீட்டார். சித்தப்பா கடைசி முயற்சியாக ஆட்டுக்கிடை போட்டு, தக்கைப்பூண்டும் விதைத்தார். 2005 வடகிழக்குப் பருவமழை ஊரை வெள்ளக்காடாக்கினாலும் வயலின் உப்பைக் கழுவிவிட்டது. முதல் நெல் பாதிதான் தேறியது. அடுத்த ஆண்டு முழு விளைச்சல்.

பூஞ்சைக்கு வருகிறேன். 1885இல் ஜெர்மனியின் ஃபிராங்க் என்ற அறிஞர், மர வேர்களைச் சுற்றியிருந்த பூஞ்சை நோயல்ல, உறவு என்று கண்டு 'மைக்கோரைசா' எனப் பெயரிட்டார். நம் பயிர்களில் இருப்பது அதன் இன்னொரு வகை, வேர் உட்பூசணம். 'வேம்' என்று விற்கிறார்களே, அதுதான். வேர் எட்டாத இடத்துக்கும் அதன் இழைகள் போய் மணிச்சத்தும் நீரும் கொண்டுவரும். கூலியாகப் பயிரிடம் சர்க்கரை வாங்கிக்கொள்ளும். உவர் நிலத்தில் பயிருக்குள் சோடியம் குறைந்து சாம்பல்சத்து நிற்கவும் உதவுகிறது. எரு மண்ணைப் பொலபொலப்பாக்கும். இழைகள் மண்துகள்களைச் சேர்த்துப் பிடிக்கும். அப்போது மழைநீர் உப்போடு கீழே இறங்கும்.

சித்தப்பா வயலில் யாரும் நுண்ணோக்கி வைத்துப் பார்க்கவில்லை. ஆனால் தக்கைப்பூண்டின் வேரும் இந்தப் பூஞ்சைக்கு வீடுதான். பெயர் தெரியாமலே நம் முன்னோர் கிடை போட்டும் பசுந்தாள் மடக்கியும் அதைக் காத்திருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. பூஞ்சை உப்பைத் தின்னாது. வடிகால் கட்டாயம் வேண்டும். நீர் கட்டிய நெல்வயலில் அதற்கு வலு குறைவு. உளுந்து, கம்பு, மல்லாட்டையில் நன்றாக வேலை செய்யும்.

சித்தப்பா இன்று இல்லை. அந்தக் காணியைத் தம்பி உழுகிறான். கடலோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களே, வெள்ளை பூத்துவிட்டது என்று அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள். பழைய நோட்டில் அந்த ஒரு வரியையும் திருத்திக்கொள்ளுங்கள்.